கல்யாணக் காய்கறி தங்கிய வீடு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். ஒன்று உன் அம்மாவிடம்: வாங்கி வைக்கிற கொத்தமல்லியும் தக்காளியும் ஒரு வாரம்கூடத் தாங்காமல் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே அழுகிப்போகின்றனவே, என்னதான் செய்வது என்று. இன்னொன்றை என்னிடம் கேட்டாய், அதுவும் போனை வைக்கப்போகும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு: "அப்பா, சித்தப்பா எப்படி எங் கல்யாணத்துக்கு வந்தாக?" அது பெரிய கதை, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உன் அம்மா தன் கேள்விக்கான பதிலையும் என்னையே எழுதச் சொல்லிவிட்டாள். "நாஞ் சொன்னா அவன் ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்ருவான். நீங்க எழுதுனா கயலாவது படிப்பா" என்கிறாள். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இரண்டும் வேறு வேறு கேள்வி இல்லை. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி. கயலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

நம் வீட்டுக்கு மருமகளாகப் புதிதாக வந்த கயலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். உன் தாத்தா காலமான பிறகு நானும் உன் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டோம். பழைய வீட்டின் மேற்குப் பாதி அவனுக்கு. மண் சுவர், மேலே நாட்டு ஓடு. கிழக்குப் பாதியை இடித்துவிட்டு நான் காங்கிரீட் வீடு கட்டிக்கொண்டேன். வீட்டிலோ நிலத்திலோ எங்களுக்குள் தகராறு வரவில்லை. கிணற்றில்தான் வந்தது. ஒரு கிணறு, ஒரு மோட்டார், தண்ணீர் பாய வேண்டியது இரண்டு பேர் காட்டுக்கு. தண்ணீர் அடியில் போய்விட்ட ஒரு கோடையில், இன்று யார் முறை என்று வரப்பில் நின்று ஆரம்பித்த பேச்சு, அண்ணன் தம்பி பேசிக்கொள்ளக் கூடாத பேச்சாக முடிந்தது. நீ அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்தாய். அவன் தன் காட்டில் தனியாக போர்வெல் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அவன் இருமுவது எனக்குக் கேட்கும். என் ரேடியோ அவனுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை.

உன் கல்யாணப் பத்திரிகை வைக்க நானும் அம்மாவும் அவன் வீட்டுக்குப் போனோம். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். "சரி" என்றான். உட்காரச் சொல்லவில்லை. உன் சித்தி செல்வி மட்டும் உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி வரும்போது உன் அம்மா, "வர மாட்டாக போலங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

நம் பக்கம் மாப்பிள்ளை வீட்டார்தான் கல்யாணத்தை நடத்த வேண்டும், பந்தியும் நம் பொறுப்பு. காய்கறிக்கு அருப்புக்கோட்டையில் நான் வழக்கமாகப் போகும் கமிஷன் கடையில் சொல்லி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் லோடு வந்து இறங்க வேண்டும், அன்று மதியம் சமையல்காரர் முத்தையா ஆட்களோடு மல்லாங்கிணற்றிலிருந்து வந்துவிடுவார், அதுதான் ஏற்பாடு. ஆனால் அந்த வாரம் திங்கட்கிழமை காலையிலேயே கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, நாளையில இருந்து லாரி ஓடாதாம், ஸ்டிரைக்கு. பீன்ஸு, கேரட்டுன்னு மலைக்காயி ஒண்ணும் வராது. இன்னைக்கு வந்ததுல ஒங்க சரக்கத் தனியா எடுத்து வச்சிருக்கேன். ஏத்தி விடவா, வேணாமா? இப்பச் சொல்லுங்க." கல்யாணம் வெள்ளிக்கிழமை. வைகாசி வெயில் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் பந்திக்குக் காய் இல்லை. வேண்டும் என்றால் அத்தனை காயையும் அந்த வெயிலில் எங்கே வைத்துக் காப்பாற்றுவது? ஏற்றி விடுங்கள் என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று நானே யோசித்துக்கொண்டு நின்றேன். நீ அப்போது லீவு கிடைக்காமல் ஓசூரில் இருந்தாய். உன்னைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

உச்சி வெயிலில் வண்டி வந்து இறக்கிவிட்டுப் போனது. வாசலும் நடையும் மூட்டையும் கூடையுமாக அடைத்துக்கொண்டன. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், இரண்டு ஃபேனையும் முழு வேகத்தில் சுழல விட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து முதல் வேலையாக அவற்றை நிறுத்தினாள். "காத்துப் பட்டா காயில இருக்க தண்ணியெல்லாம் போயிரும். சாயங்காலத்துக்குள்ள பீன்ஸ் எல்லாம் கயிறு மாதிரி ஆயிரும்." இத்தனை வருஷமாக நம் வீட்டுக்குக் காய் வாங்கி வருவது நான். கத்தரிக்காயின் பளபளப்பைப் பார்ப்பேன், காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பேன், வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துக் கடைக்காரரிடம் திட்டு வாங்குவேன். கூடையை அடுப்படியில் வைத்ததோடு என் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தக் காய் எப்படி வாரக் கடைசி வரை வாடாமல் இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நீ கேட்ட முதல் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது, கவனி. அவள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. பூசணி, சேனை, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் நாள் தாங்கும், ஈரம் மட்டும் படக் கூடாது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதிலும் வெங்காயத்தை ஒரு கட்டிலுக்கு அடியில் பரப்பினாள், உருளைக்கிழங்கை வேறு அறையில் வெளிச்சம் படாமல் சாக்கு போட்டு மூடினாள். இரண்டையும் சேர்த்து வைத்தால் உருளை சீக்கிரம் முளைத்துவிடுமாம். நீ இரண்டையும் ஒரே கூடையில் வைத்திருப்பதாகக் கயல் சொன்னாள், முதலில் அதைப் பிரி. பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைக்கச் சொன்னாள். கேரட்டின் தலையில் இருந்த தழையை வெட்டச் சொன்னாள். தழை இருந்தால் அது கிழங்கின் சத்து அத்தனையும் இழுத்துக் காயை வதக்கிவிடும். வாழைக்காய்த் தாரை மற்ற எதனோடும் சேர விடாதே, அது பழுக்கும்போது பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைத்துவிடும், ஆட்டுக்கொட்டகையில் தனியாகத் தொங்க விடு என்றாள்.

எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் சத்தம் கேட்டு வந்தார்கள். நிலைமையைப் பார்த்துவிட்டு, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை மூன்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். தன் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த பாலையும் மீனையும்கூட அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு முழுவதையும் நமக்காகக் காலி செய்தார்கள். கொத்தமல்லியைக் கழுவவே இல்லை. வேரை வெட்டிவிட்டு, அழுகின இலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஈரம் போக நிழலில் ஆறப்போட்டு, பழைய காட்டன் துணியில் தளர்வாகச் சுற்றி அடுக்கினார்கள். நீ பிளாஸ்டிக் பையோடு கட்டி உள்ளே வைக்கிறாய், அது தன் வேர்வையிலேயே அழுகுகிறது. மல்லி விதைக்கிற ஊரில் பிறந்துவிட்டு நீ கொத்தமல்லியை அழுக விடுகிறாய் என்று நேற்று டீச்சரிடம் சொன்னேன், சிரித்தார்கள். காய் வந்த மறுநாள் அவர்களே சொன்னார்கள்: "சாயங்கால ஜெபத்துல ஒங்க வீட்டுத் தக்காளிக்கும் சேத்துத்தான் ஜெபிச்சேன்." அவர்களுக்கு நீ இன்னும் ஒரு போன்கூடச் செய்யவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செய்.

ஆனால் பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், முருங்கைக்காய், தக்காளி எல்லாம் அப்படியே கிடந்தன. அவற்றுக்குக் குளிர்ச்சியான இடம் வேண்டும். நம் காங்கிரீட் வீடு வைகாசியில் அடுப்பு மாதிரி. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பார்த்தோம், தரைச் சூடே ஈரத்தைக் குடித்துவிட்டது. உன் அம்மா ஒரு பீன்ஸை எடுத்து வளைத்தாள். ஒடியவில்லை, வளைந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் பின்பக்க வேலிப் படல் திறந்தது. உன் சித்தி நின்றாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அக்கா, எங்க வீட்டு நடு ரூமு சும்மாதான் கெடக்கு. மண் சுவரு, ஜில்லுனு இருக்கும்" என்றாள்.

உன் அம்மா கையில் இருந்த பீன்ஸைக் கூடையில் போட்டாள். பிறகு, "அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாகளா செல்வி?" என்று கேட்டாள்.

"அவுக காட்டுல இருக்காக. வந்தா நான் பேசிக்கிறேன். மொதல்ல காயப் பாருங்க." சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு பீன்ஸ் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். யாரும் கூப்பிடாமல், யாரும் கேட்காமல். தம்பி, அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்த நடையை நான் மறக்க மாட்டேன். நாங்கள் இரண்டு ஆம்பிளைகள் வருஷக்கணக்கில் செய்ய முடியாததை அவள் ஒரு மூட்டை பீன்ஸோடு செய்துவிட்டாள்.

பெண்கள் மூன்று பேரும் போக வர இருந்தார்கள். நானும் ஒரு கூடை கேரட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் வீட்டு வாசல்படி வரை போனதும் கால் நின்றுவிட்டது. கூடையைப் படியில் இறக்கி வைத்தேன், உன் சித்தி வந்து எடுத்துப் போனாள். கடைசிக் கூடை வரை அப்படித்தான். உள்ளே அவளும் உன் அம்மாவும் தரையில் ஆற்று மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன் மேல் சாக்கு விரித்துக் காயைப் பரப்பினார்கள். ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்கள். உள்ளே போய்விட்டு வந்த எஸ்தர் டீச்சர், "ஊட்டி மாதிரி இருக்கு" என்றார்கள். நான் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவன் பைக் சத்தம் கேட்டது. நம் வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல். "என்ன இது? வீடா, சந்தையா?"

உன் சித்தி குரலை உயர்த்தவில்லை. ஆனால் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினாள் போல இருந்தது. "கல்யாண வீட்டுக் காயி. எங்க வைக்கிறதுன்னு தெரியாம வெயில்ல கெடந்துச்சு, நாந்தான் தூக்கியாந்தேன். ஒங்களுக்குப் பிடிக்கலேன்னா சொல்லுங்க, திரும்ப வெயில்ல கொண்டு போயிப் போட்ருவோம். அந்தப் பயலத் தோள்ல தூக்கிட்டுத் திருச்சுழித் தேரு பாக்கப் போனது நீங்கதான். அவன் கல்யாணத்துல வாடுன காயப் பரிமாற ஒங்களுக்கு மனசு வருமா?"

பக்கத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துத் தெளிக்கிற சத்தம் கேட்டது. யார் தெளிக்கிறார்கள் என்று தெரியவில்லை. உன் சித்தியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் வந்து நின்றான். கையில் ஒரு கட்டு வைக்கோல். என் முகத்தைப் பார்க்காமல், வைக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, தக்காளிய ஈரச் சாக்குல வச்சிராதீக. அடியில இருந்ததெல்லாம் நசநசன்னு ஆகிப் போச்சு. நான் எடுத்து வைக்கோல்ல பரப்பிட்டேன். இன்னும் வேணும், ஒங்க வைக்கோல் படப்புல எடுத்துக்கிறவா?"

அண்ணே என்று அவன் கூப்பிட்டுக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. வாயில் நுரை இருந்தது நல்லதாகப் போயிற்று, உடனே பேச முடியாததற்கு ஒரு காரணம் கிடைத்தது. கொப்பளித்துவிட்டு, "எடுத்துக்கடா. நானும் வாரேன்" என்றேன். அவனோடு படியேறி உள்ளே போனேன். தக்காளியை அவன் ஒற்றை வரிசையாக, காம்புப் பக்கம் கீழே வரும்படி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி வைத்திருந்தான். அரைப்பழமான காய்வெட்டு ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம். ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். தக்காளியைப் பழுக்கும் வரை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், தம்பி. தட்டில் இப்படிக் கவிழ்த்து வைத்தாலே போதும். இது உன் சித்தப்பா சொல்லிக் கொடுத்தது.

அடுத்த இரண்டு நாளும் நாங்கள் காய்கறியைப் பற்றி மட்டும்தான் பேசினோம். "பீன்ஸு வேர்த்திருக்குண்ணே." "பரப்பிப் போடு." "இந்தக் கோஸுல மேல் இலைய உரிக்கவா?" "வேணாம், அது கெடக்கட்டும், உள்ள இருக்கறத அதுதான் காப்பாத்தும்." "அந்த முருங்கைக்காய ஈரத்துணியில சுத்துடா." இப்படியே. கிணற்றைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அழுகிய ஒன்றைக் கண்டால் உடனே பொறுக்கி வெளியே எறிவோம், அது பக்கத்தில் உள்ளதைக் கெடுத்துவிடும் என்பதால். அந்த வேலை இருவருக்கும் பிடித்துப்போயிற்று. உன் சித்தியும் உன் அம்மாவும் அடுப்படியில் சிரிக்கிற சத்தம் கேட்கும். எங்களைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள்.

வியாழக்கிழமை மதியம் முத்தையா வந்தார். வாசலிலேயே, "ஸ்டிரைக்குன்னாகளே, காயெல்லாம் என்ன கதியில கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். நடு அறைக்குள் அழைத்துப் போனோம். ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தார். படக்கென்று சத்தம் வந்தது. இன்னொன்றையும் ஒடித்தார். "எந்த ஐஸ் கம்பெனியில வச்சிருந்தீக?" என்றார். உன் சித்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் எல்லாமே தப்பிவிடவில்லை. ஆட்டுக்கொட்டகை வெக்கையில் வறுவலுக்கு வாங்கித் தொங்கவிட்ட வாழைக்காய் முழுவதும் மஞ்சளாகப் பழுத்துவிட்டது. முத்தையா தலையில் கை வைத்துவிட்டார். "எல வரிசையில வறுவல் இல்லாம எப்படிங்க எல போடறது? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாக?" வேறு காய் வாங்க மார்க்கெட்டில் ஒன்றும் இல்லை. பாலவனத்தம் வரைக்கும் ஆள் விட்டும் கிடைக்கவில்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது உன் சித்தப்பா, "எங்காட்டுல கத்திரி நிக்குது. நாளக்கி விடியங்காட்டி பறிச்சாந்துர்றேன். எண்ணெக் கத்திரிக்கா போடுங்க" என்றான். அது அவன் சந்தைக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த காய்ப்பு.

பறித்த காய் அடுப்புக்கு வரும்போது காம்பு பச்சை மாறாமல் இருந்தது. பந்தியில் உன் மாமனார் அந்தக் கத்திரிக்காயை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாளியும் கரண்டியுமாக அவருக்குப் பரிமாறியது யார் என்று நீ மணவறையிலிருந்து பார்த்திருப்பாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக, "இன்னுங் கொஞ்சம் வைங்க, நல்லாச் சாப்புடுங்க" என்று உன் சித்தப்பா நடந்துகொண்டிருந்தான். அவன் எப்படி வந்தான் என்று கேட்டாயே, இப்படித்தான் வந்தான். அவன் விருந்தாளியாக வரவே இல்லை. வீட்டுக்காரனாகத்தான் வந்தான்.

கல்யாணம் முடிந்து நீங்கள் போன பிறகு, இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு கொடுப்பினையா என்று பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். லாரி ஓடாமல் போனதற்கு அன்று எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போது அந்த லாரிக்காரர்களை எங்கேயாவது பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் போல இருக்கிறது. உன் அம்மாவுக்கு நன்றி சொன்னேன். "எதுக்கு இப்ப?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். உன் சித்திக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ போனில் கேட்டதால் உன்னிடமாவது சொல்ல முடிந்தது. அதற்காக உனக்கும் நன்றி.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒரு யோசனைதான் மிச்சம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று கூடை கூடையாக வாங்காதீர்கள். சீக்கிரம் வாடுகிற கீரையையும் வெண்டையையும் வாரத்தின் முன்பாதியில் சமைத்துவிடுங்கள், கோஸும் கேரட்டும் பின்பாதிக்கு. அப்படியும் மிஞ்சினால், அழுகும் வரை வைத்திருக்காமல் பக்கத்து வீட்டில் கொடுங்கள். நீங்கள் இருக்கும் மாடியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, பெயர் தெரியாது என்று நீ சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு கட்டு கீரையைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டிக் கேள். கயல் கூட வரட்டும். முதல் நாள் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் சித்தி பின்வாசல் வழியாக உள்ளே வந்தாள். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள், வீட்டில் நான் மட்டும். என்னைப் பார்த்தாள். அடுப்படிக்குள் போய், தட்டில் இருந்ததில் நன்றாகப் பழுத்த இரண்டு தக்காளியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று இதையும் எழுதிவிட்டேன்.

உன் அப்பா